விதை நம்முடையது, நெல் டாட்டாவுக்கா?

சமணமலை அடிவாரத்தில், தாமரைக் குளத்தருகே ஆலமர நிழலில் உட்கார்ந்து, "சிப் பாக்டரியாம், கோடி கோடியாய்க் கொட்டுகிறார்களாம், நமக்கென்ன?" என்று கேட்கும் கீழக்குயில்குடித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை.

நமக்கென்னவா? ரேஷன் கடையில் உங்கள் விரல் ரேகையைப் பார்த்து அரிசி உண்டு, இல்லை என்று சொல்லும் மெஷினுக்குள் இருப்பது சிப். மில்லில் இன்றைய ரிங் பிரேமுக்கு உத்தரவு போடுவதும் சிப்தான். போர்டு போய்விட்டால் அந்நிய நாட்டுச் சாமான் வரும்வரை மெஷினும் நிற்கும், தொழிலாளி பிழைப்பும் நிற்கும். இதில் மந்திர வித்தை ஒன்றுமில்லை. மணலில் உள்ள சிலிக்கனைச் சுத்தம் செய்து, தட்டுத் தட்டாக அறுத்து, அதன்மேல் தலைமயிரைவிட நுண்ணிய கோடுகளைப் பதிக்கிறார்கள். நம் சமணமலைப் பாறையிலும் சிலிக்கன் உண்டு. (அந்தப் பாறையை உடைத்து விற்கப் பார்த்தவர்கள் கதை வேறு!)

ஆகவே, நாட்டிலேயே சிப் செய்ய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. யார் பணத்தில், யாருக்குச் சொந்தமாக என்பதே கேள்வி.

2021 டிசம்பரில் டில்லி சர்க்கார் இதற்காக 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2023 ஜூனில் அமெரிக்க மைக்ரான் கம்பெனி குஜராத்தில் சாணந்துக்கு வந்தது. செலவாகும் நூறு ரூபாயில் மத்திய சர்க்கார் 50, குஜராத் சர்க்கார் 20, கம்பெனி 30! அங்கேயும் சிப் பிறப்பதில்லை. வேறு நாட்டில் செய்த சிப்பை உறைபோட்டுச் சோதிக்கும் வேலைதான். 2024 பிப்ரவரியில் டோலேராவில் டாட்டாவின் 91,000 கோடித் திட்டத்துக்குச் சம்மதம் கிடைத்தது. அதிலும் பாதி மத்திய சர்க்கார் பணம்.

சோப்புக் கட்டிக்கும் செருப்புக்கும் நாம் கொடுத்த வரி அது. வாரச் சாகுபடியிலாவது களத்தில் நமக்கென்று சில மரக்கால் அளப்பார்கள். இங்கே விதை நம்முடையது, உரம் நம்முடையது, நெல் முழுவதும் முதலாளி வீட்டுக் குதிருக்கு!

"பொதுத்துறைக்கு இது ஆகாது" என்கிறார்கள் முதலாளிகளின் வக்கீல்கள். பொய்! பஞ்சாபில் மோஹாலியில் சர்க்காரின் சொந்த சிப் ஆலை 1984-லேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. 1989 பிப்ரவரி 7-ந் தேதி அங்கே தீப்பிடித்தது. ஆலை மறுபடி எழப் பல வருஷங்கள் பிடித்தன. போதாக்குறைக்கு, 1997-ல் சிப் இறக்குமதி வரியை நீக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார்கள். 2006-ல் அது விண்வெளி இலாகாவின் ஆய்வுக்கூடமாகச் சுருங்கியது. இத்தனைக்கும் பிறகு, 2025 செப்டம்பரில் பிரதமர் கையில் கொடுத்துப் பெருமையடித்தார்களே 'விக்ரம்' சிப், அது எங்கே செய்தது? அதே மோஹாலியில்!

2025 நவம்பரில், மோஹாலிக்கு 4,500 கோடி தருகிறோம், தனியாருக்கு விற்க மாட்டோம் என்றார் மந்திரி. சந்தோஷம். ஆனால் அதற்குத் தனியார் கூட்டாளி தேடலாம் என்று 2021-ல் முடிவு செய்ததும் இதே சர்க்கார்தான். டாட்டாவுக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குதான் சொந்த ஆலைக்கு.

தைவானைப் பார் என்கிறார்கள். பார்த்தோம். 1987-ல் டி.எஸ்.எம்.சி. கம்பெனி தொடங்கியபோது ஏறத்தாழப் பாதிப் பங்கு அந்நாட்டுச் சர்க்காருடையது. அவர்கள் கொடுத்தது தர்மப் பணமல்ல, பங்குப் பணம்.

நாம் கேட்பதும் அதுவே. பொதுப் பணம் எவ்வளவோ அவ்வளவு பங்கைச் சர்க்கார் எடுக்கட்டும். நிர்வாகத்தில் உட்காரட்டும். மோஹாலியைப் பெரிய ஆலையாக்கட்டும். நம் ஐ.டி.ஐ. பிள்ளைகளைக் காண்டிராக்ட் கூலியாக அல்ல, நிரந்தரத் தொழிலாளியாக எடுக்கட்டும். சங்கம் வைக்கும் உரிமையை எழுத்தில் தரட்டும். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த பின்னும், சங்கத்தின் பதிவுச் சீட்டு கைக்கு வர 2025 ஜனவரி ஆயிற்று.