கன்வெர்ட் பட்டனும் கரும்புக்காட்டு மோட்டாரும்

எஸ்.டி.எல். கோப்பு ஒன்றை கேட் மென்பொருளில் திறக்க வேண்டியது, ரைட் கிளிக் பண்ணி "சாலிட் ஆக மாற்று" என்பதை அழுத்த வேண்டியது, அப்புறம் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் "ரிவர்ஸ் இன்ஜினியரிங் முறையில் வடிவமைத்தோம்" என்று எழுத வேண்டியது... மெக்கானிக்கல் மாணவர்களிடம் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கே நடந்தது ரிவர்ஸும் இல்லை, இன்ஜினியரிங்கும் இல்லை. பழைய கள், புதிய மொந்தை, அவ்வளவுதான்.

எஸ்.டி.எல். எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே விஷயம் பாதி விளங்கிவிடும். சக் ஹல் 1986-ல் ஸ்டீரியோலித்தோகிராஃபிக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் அந்த மெஷினுக்குத் தீனி போடுவதற்காக 1987-ல் கொண்டுவந்த கோப்பு வகை இது. உள்ளே இருப்பது முக்கோணங்கள் மட்டும். பைனரி வடிவில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். லட்சம் முக்கோணம் என்றால் சுமார் 5 எம்.பி. "இது துளை", "இது உருளை", "இது இதற்கு இணை" என்று ஒரு தகவலும் கிடையாது. மில்லிமீட்டரா அங்குலமா என்பதுகூடக் கிடையாது. (அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராகத் திறந்து, 25.4 மடங்கு சுருங்கிப்போன பொம்மையைப் பார்த்து முழிக்காத வகுப்பு உண்டா?)

இல்லாத தகவலை ஒரு பட்டன் எங்கிருந்து கொண்டுவரும்? ஃப்ரீகேடில் மெஷ்ஷிலிருந்து வடிவம் உருவாக்கி, அதை சாலிட் ஆக்கினால், ஒவ்வொரு முக்கோணமும் ஒரு தட்டை முகமாக மாறும். "ரிஃபைன் ஷேப்" கொடுத்தால் ஒரே தளத்தில் கிடக்கும் முகங்கள் ஒன்றுசேரும். உருளையின் முகங்கள் ஒரே தளத்தில் இல்லையே, அவை அப்படியே சீவிய பென்சில் மாதிரி நிற்கும். கணக்கு போட்டுப் பாருங்கள்: 20 மி.மீ. துளையை 32 பக்கமாக நறுக்கிய கோப்பு என்றால், எதிரெதிர்த் தட்டைகளுக்கு நடுவே இருப்பது 19.90 மி.மீ. அந்தத் துளைக்கு எச்7 டாலரன்ஸ் 0.021 மி.மீ. மட்டுமே. குறைவதோ கிட்டத்தட்ட 0.1. ஷாஃப்ட் எப்படி உள்ளே போகும்?

"எல்லாம் பிரிண்டர் பொம்மைக்குத்தானே, என்ன குடி முழுகிவிடும்?" என்பவர்கள் கொஞ்சம் ரிஷிவந்தியம் பக்கம் வரட்டும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளை நம்பிக் கரும்பு போடுகிற கள்ளக்குறிச்சி மாவட்டம் இது. இங்கே ஒரு கரும்புக்காட்டில் பம்புசெட்டின் இம்பெல்லர் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மாடல், ஸ்பேர் கிடைக்காது. பயிர் காய்கிறது. இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் "நான் ஸ்கேன் பண்ணித் தர்றேன் மாமா" என்கிறான். ஸ்கேன், கன்வெர்ட், சாலிட். பத்து நிமிட வேலை!

ஆனால் அந்த ஸ்கேனில் பதிவானது இம்பெல்லரின் இன்றைய உருவம். மணல் அரித்த விளிம்பு, அகன்றுபோன துளை, உடைந்த வேனின் மூளி எல்லாம் அதில் உண்டு. அப்படியே வார்த்தால் பிறக்கும்போதே கிழடான இம்பெல்லர் கிடைக்கும். போகட்டும், ஃபவுண்டரிக்காரர் பேட்டர்னுக்குச் சுருக்க அளவு கேட்பார். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும். முழுதையும் பெரிதாக்குவது எளிதுதான். ஆனால் துளையை மட்டும் கடைசல் பிடிப்பதற்காகச் சின்னதாக வைக்க வேண்டுமே? ஆயிரக்கணக்கான தட்டை முகங்களில் துளை எது, கீவே எது என்று மென்பொருளுக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது.

மெஷ்ஷை அடியில் வைத்து மேலே வரைவதுதான் முறை. குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தின் மேல் ஸ்கெட்ச் போட வேண்டும். ஃப்யூஷனில் இதற்கென்றே மெஷ் செக்‌ஷன் ஸ்கெட்ச் இருக்கிறது. உடையாத ஒரு வேனை வரைந்து சுற்றி வரப் பிரதி எடுக்க வேண்டும். துளையை வெர்னியரில் அளக்க வேண்டும், 20.07 காட்டினால், அது தேய்ந்துபோன 20 என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்குப் பெயர்தான் இன்ஜினியரிங், அதை எந்தப் பட்டனும் எடுக்காது. தட்டையையும் உருளையையும் தானே கண்டுபிடித்து மாற்றும் வசதிகள் காசுக்கு இருக்கின்றன, உண்மைதான். சுத்தமான கோப்பில், நேரான பிராக்கெட்டில் நன்றாகவே வேலை செய்கின்றன. தேய்ந்த இம்பெல்லரில் அவையும் தேய்மானத்தையே பத்திரமாக அளந்து கொடுக்கும்.

இதைவிடக் கொடுமை, மாற்றவே கூடாததை மாற்றுவது. இதே மாவட்டத்தின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படி ஒரு சிற்பத்தை ஸ்கேன் செய்து ஆவணப்படுத்துவது நல்ல புராஜெக்ட். அதையும் சாலிட் ஆக்கியே தீருவேன் என்று அடம் பிடித்தால்? இத்தனை முக்கோணங்களைத் தாங்காமல் மென்பொருள் திணறும். உடனே குறை, இன்னும் குறை என்று பத்தாயிரத்துக்குக் கொண்டுவருவார்கள். உளி போட்ட கோடு போகும், ஆபரணம் போகும், அம்மனின் மூக்கும் மழுங்கும். எதற்காக இந்த வதை? சி.என்.சி. ரூட்டருக்கான கேம் மென்பொருள்கள் எஸ்.டி.எல்.லை நேரடியாகவே வாங்கிக்கொள்ளும். சிற்பத்தில் மாற்றி அமைக்க ஒரு அளவும் இல்லை. அது மெஷ்ஷாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மாணவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? பளபளப்பான ரெண்டர் படத்தைப் பார்த்து மதிப்பெண் போடுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வைவாவில் ஒரே ஒரு கேள்வி போதும்: "தம்பி, இந்தத் துளையை 20-லிருந்து 22 ஆக்கு." ஸ்கெட்ச் போட்டு வரைந்தவன் எண்ணை மாற்றி என்டர் தட்டுவான். கன்வெர்ட் பண்ணியவன் மவுஸை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பான்.