கூலிக்காரனுக்குக் குண்டு, கோடீஸ்வரனுக்கு?

திருப்புட்குழியில் சிறு பிள்ளைக்கும் ஜடாயு கதை தெரியும். சீதையைக் கடத்தியவனைத் தடுக்கப்போய் உயிர்விட்ட பறவைக்கு இராமன் ஈமக்கடன் செய்த ஊர் இது என்பார்கள். அந்தப் பறவை நேரே இராவணன் மீதே பாய்ந்தது. வழியில் கண்ட எளியவன் மீதல்ல. பறவைக்கிருந்த அந்த விவேகம் நமது சர்க்கார்களுக்கு இல்லை!

2015 ஏப்ரல் 7. திருப்பதியருகே சேஷாசலம் காட்டில், ஆந்திர செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமைக் கமிஷனிடம் வாக்குமூலம் கொடுத்தார்கள்.

செம்மரம் காக்கப்பட வேண்டிய மரம். 1995 முதல் அதன் வெளிநாட்டு வியாபாரம் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுக்குள் இருக்கிறது. திருட்டை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் கேட்கிறோம்: கட்டைகள் துறைமுகம் தாண்டிச் சீனா வரை போவது கூலிக்காரனின் தலைச்சுமையிலா? லாரி யாருடையது? முன்பணம் யாருடையது? கன்டெய்னருக்குப் பொய்ப் பத்திரம் எழுதியது யார்?

தறியில் முதுகொடிகிறவனுக்குக் கூலி. புடவை விற்கிறவனுக்கு லாபம். காட்டிலும் அதே கணக்குத்தான். அங்கே கூலியோடு குண்டும் கிடைக்கிறது!

2016இல் ஆந்திர சர்க்கார் வனச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கிற்று. ஆகட்டும். ஆனால் சட்டத்தின் கை கூலிக்காரனோடு நின்றுவிட்டால், ஒருவன் விழுந்த இடத்தில் பசித்த இன்னொருவன் வந்து நிற்பான். முதலாளிக்கு நஷ்டமில்லை.

'அதிகாரத்தை எதிர்த்து நம்மால் ஆகுமா?' என்று சலிப்பவர்கள் வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக் கூட்டம் தருமபுரி மாவட்டத்து அந்த மலைவாசிக் கிராமத்தில் புகுந்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் பலாத்காரம் செய்தது. செங்கொடி இயக்கமும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடின. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

தோழர்களே! நாம் கேட்பவை மூன்று. பணம் போட்டவனையும் ஏற்றுமதி செய்தவனையும் கூண்டில் ஏற்று! 20 உயிர்களுக்கு நீதி வழங்கு! மலையில் வேலையும் நிலமும் கொடு! நெசவாளியும் ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் ஒரே குரலில் கேட்டால், ஆகாயத்தில் பறக்கிற இராவணனும் தரைக்கு வந்தே தீருவான்.