காஃபுவே ஆறு சுரங்கங்களின் சாக்கடை அல்ல

2025 பிப்ரவரி 18 அன்று ஜாம்பியாவின் சம்பிஷி பகுதியில், செம்புக் கழிவைத் தேக்கி வைத்திருந்த அணையின் கரை உடைந்தது. சீன அரசு நிறுவனத்தின் துணை நிறுவனமான ‘சைனோ மெட்டல்ஸ் லீச் ஜாம்பியா’வின் அணை அது. அமிலமும் கன உலோகங்களும் கலந்த கழிவு முவாம்பாஷி ஓடையில் பாய்ந்து, அங்கிருந்து காஃபுவே ஆற்றில் இறங்கியது. நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட மீன்கள் செத்து ஒதுங்கின. கரையோர மக்காச்சோளக் கொல்லைகள் கருகின. சுமார் ஏழு லட்சம் பேர் வாழும் கிட்வே நகரத்துக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது. அமிலத்தைத் தணிக்க விமானப்படை வானிலிருந்து ஆற்றில் சுண்ணாம்பைக் கொட்ட வேண்டியிருந்தது.

ஆற்றில் கலந்தது எவ்வளவு? ஐந்து கோடி லிட்டர் என்று முதலில் சொன்னார்கள். தோராயமாக 50,000 டன். ஆனால், சேதத்தை ஆராய அந்த நிறுவனமே அமர்த்திய தென்னாப்பிரிக்க நிறுவனம் 15 லட்சம் டன் என்று கணித்தது. ஏறத்தாழ 30 மடங்கு! அந்தக் கணக்கைச் சுரங்க நிறுவனம் மறுக்கிறது. ஆகஸ்டில் அமெரிக்கத் தூதரகம் அந்த வட்டாரத்திலிருந்து தன் பணியாளர்களை வெளியேறச் சொன்னது. அதே நேரத்தில், பதற்றப்பட ஒன்றுமில்லை என்று தன் மக்களிடம் சொன்னது ஜாம்பியா அரசு. தூதரக அதிகாரி தங்க அஞ்சும் மண்ணில் உழவர் பயிர் செய்யலாம், அவர் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கலாம் என்றால் அந்தப் பிள்ளைகளின் உயிருக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு என்ன? இந்தப் பொறுப்பற்ற ஆறுதல் வார்த்தைகளை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

காஃபுவே ஏதோ ஒரு மூலையில் ஓடும் ஆறு அல்ல. எட்டு நாடுகள் சூழ, கடற்கரையே இல்லாமல் கிடக்கும் ஜாம்பியாவின் உயிர்நாடி அது. காங்கோ எல்லையை ஒட்டிப் பிறந்து, செம்பு நகரங்களைக் கடந்து, பரந்த புல்வெளிச் சதுப்புகளில் விரிந்து, 1,500 கிலோமீட்டருக்கும் மேல் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடி ஜாம்பேசியில் சேர்கிறது. நாட்டு மக்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் இதன் வடிநிலத்தில் வாழ்கிறார்கள். தலைநகர் லுசாகாவின் குடிநீரில் கணிசமான பங்கு இதிலிருந்துதான் வருகிறது. மசபுகாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் காஃபுவே பள்ளத்தாக்கின் மின்நிலையங்களுக்கும் இதுவே ஆதாரம். அன்றாடம் ‘ந்ஷிமா’ களி கிண்டிச் சாப்பிடும் குடும்பங்களுக்கு மாவு தரும் மக்காச்சோளம் இதன் கரைகளிலும் விளைகிறது; தொட்டுக்கொள்ளும் மீன் இந்த நீரிலிருந்தும் கிடைக்கிறது. தலைமாட்டில் நஞ்சு கலந்தால் அது பாய்வது நாடு முழுவதும்தான்.

அரசின் நெருக்கடியை நாம் அறியாதவர்கள் அல்ல. ஏற்றுமதி வருவாயில் சுமார் 70 விழுக்காடு செம்பிலிருந்து வருகிறது. அந்தச் செம்பும் கடலைப் பார்க்க தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வரை 1,860 கிலோமீட்டர் ரயிலேற வேண்டும். இல்லையென்றால் லாரிகளில் நாள்கணக்கில் அண்டை நாடுகளின் சாலைகளைக் கடக்க வேண்டும். 2020-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. 2024-ன் வறட்சி விளைச்சலையும் மின்சாரத்தையும் ஒருசேர அழித்தது. ஆண்டுக்கு 30 லட்சம் டன் செம்பு என்ற இலக்கை 2030-களின் தொடக்கத்துக்குள் எட்டியே தீர வேண்டும் என்று அரசு துடிப்பது இதனால்தான். ஆனால், உற்பத்தி பல மடங்கானால் கழிவும் பல மடங்காகும். இன்றைய கழிவையே காவல் காக்க முடியாதவர்கள் நாளைய கழிவை எங்கே வைக்கப்போகிறார்கள்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் புதிய உரிமங்களில் கையெழுத்திட அரசுக்கு எந்த அருகதையும் இல்லை.

பாடம் கற்க வாய்ப்பு இல்லாமல் போகவில்லை. 1970 செப்டம்பரில் முஃபுலிராவில் கழிவுச் சேறு நிலத்தடிச் சுரங்கத்துக்குள் இடிந்து இறங்கி 89 தொழிலாளர்களைப் புதைத்தது. காப்வேயின் ஈயச் சுரங்கம் 1994-ல் மூடப்பட்டது. அது மூடி ஒரு தலைமுறை கடந்த பின்னும் அங்கே பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டிருக்கிறது.

2006-ல் சிங்கோலாவில் நடந்ததோ தமிழ் வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய கதை. அந்த நவம்பரில் ‘கொங்கோலா காப்பர் மைன்ஸ்’ நிறுவனத்தின் கழிவு இதே காஃபுவேயில் கலந்தது. அதன் பெரும்பங்குதாரர், தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை நடத்திய அதே வேதாந்தா. ஆற்று நீரைக் குடித்து நோயுற்ற சுமார் இரண்டாயிரம் பேருக்கு இழப்பீடு வழங்க 2011-ல் லுசாகா உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மேல்முறையீட்டில், 2015-ல், நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்த ஜாம்பியா உச்ச நீதிமன்றம், மருத்துவ ஆவணம் காட்டிய 12 பேருக்கு மட்டுமே இழப்பீடு என்று சுருக்கிவிட்டது. கிராமத்தில் மருத்துவமனையே எட்டாத ஏழைகளிடம் சான்றிதழ் எங்கே என்று கேட்டது நீதி. பிறகு வேறு வழக்கில் 1,826 பேர் லண்டன்வரை போனார்கள். சொந்த நாட்டில் வழக்கு நடத்தப் பணமோ, போதிய அனுபவமுள்ள வழக்கறிஞர்களோ அவர்களுக்குக் கிடைக்க மாட்டார்கள் என்ற நிலையைக் கருதி, 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அங்கேயே வழக்காட வழிவிட்டது. 2021-ல் பொறுப்பை ஏற்காமலே நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 2018 மே மாதத்தில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் 13 உயிர்களைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்த தூத்துக்குடிக்கு, சிங்கோலாவின் வேதனையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சம்பிஷியிலும் அதே வழியில்தான் காரியங்கள் நகர்கின்றன. சொற்பத் தொகையைக் கையில் கொடுத்து, இனி வழக்குத் தொடர மாட்டோம் என்று உழவர்களிடம் எழுதி வாங்குவதாகப் புகார்கள் எழுந்திருக்கின்றன. வயல் கருகி, வீட்டில் அடுப்பெரியாமல் இருக்கும் மனிதரிடம் வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. அது பசியைப் பயன்படுத்திப் பறித்த கையெழுத்து.

ஆகவே ஜாம்பியா அரசு உடனடியாகச் செய்ய வேண்டியவை இவை. ஆற்றில் கலந்த கழிவின் அளவையும், நீரிலும் மண்ணிலும் இன்று உள்ள நஞ்சின் அளவையும், நிறுவனத்தின் தயவில்லாத நிபுணர்களைக் கொண்டு அளந்து, பெம்பா, ந்யாஞ்ஜா உள்ளிட்ட மக்கள் மொழிகளில் வெளியிட வேண்டும். கரையோரக் கிராமங்களில் ஒவ்வொருவருக்கும் அரசு செலவில் ரத்தப் பரிசோதனை செய்து, முடிவை ஆவணமாக அவரவர் கையில் தர வேண்டும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள்கள் அனைத்தையும் செல்லாதவை என்று அறிவிக்க வேண்டும். சுத்திகரிப்புச் செலவு முழுவதையும் நிறுவனத்திடம் வசூலிக்க வேண்டும். நாட்டிலுள்ள ஒவ்வொரு கழிவு அணையையும் சோதித்து, உறுதியற்றவற்றை நிறுத்த வேண்டும்.

மின்சாரக் கார்களுக்கும் கம்பிகளுக்கும் இந்தச் செம்பை வாங்கும் சீனா, மேற்கு நாடுகள், இந்தியா உட்பட அனைவருக்கும் இதில் பொறுப்புண்டு. அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்கு ரயில் பாதை போடக் காட்டும் அவசரத்தில் பாதியையாவது ஆற்றைக் காக்கக் காட்டட்டும்.

ஆறு சுத்தமாகப் பல ஆண்டுகள் ஆகலாம். பரிசோதனைக்கு அத்தனை காலம் காத்திருக்க முடியாது. ரத்தத்தில் உள்ள நஞ்சை இன்றே அளந்து பதிவு செய்தாக வேண்டும். சிங்கோலாவில் இரண்டாயிரம் பேர் பன்னிரண்டு பேராகச் சுருங்கியது, அவர்கள் கையில் ஒரு தாள் இல்லாததால். சம்பிஷியில் அந்தத் தாளைக் கொடுக்க மறுக்கும் அரசு, நிறுவனத்தின் பக்கம் நிற்கும் அரசு என்றே வரலாறு எழுதும்.