தஞ்சாவூர்க் கடன்சீட்டு

காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 18இல், கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. இந்தியாவும் பிரான்சும் 1956 மே மாதம் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அல்ஜீரியப் போர் முடியும்வரை பாரிஸில் கிடப்பில் கிடந்து, 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. விடுதலை நாளையொட்டி எழுதப்படுபவையும் பேசப்படுபவையும் பெரும்பாலும் இந்தத் தேதிகளோடு நின்றுவிடுகின்றன.

காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடி எப்படிப் பிரெஞ்சுப் பகுதிக்குள் வந்தது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. ஞானசம்பந்தர் பாடிய கடலோரத் தலம் இது. வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ் கொடி பறந்தது. தெற்கே நாகப்பட்டினம் 1658இலிருந்து 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. இந்தச் சிறு கரையில் இத்தனை கொடிகளுக்கும் இடம் கொடுத்தவர்கள் தஞ்சாவூரின் நாயக்க, மராட்டிய மன்னர்கள். பள்ளிப் பாடநூல்களோ கர்நாடகப் போர்களை டூப்ளேவுக்கும் கிளைவுக்கும் நடந்த ஒண்டிக்கு ஒண்டிச் சண்டையாகவே இன்றும் சொல்லித்தருகின்றன. தஞ்சாவூர் அதில் ஒரு வரி.  

அரியணைச் சண்டையில் சிக்கியிருந்த தஞ்சாவூர் மன்னர் சாகுஜி, உதவிக்கு ஈடாகக் காரைக்காலைத் தருவதாக 1738இல் புதுச்சேரி ஆளுநர் டூமாவிடம் ஒப்புக்கொண்டார். பிறகு பின்வாங்கினார். ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சாந்தா சாகிபின் படைபலத்தால் 1739 பிப்ரவரியில் ஊர் பிரெஞ்சுக்காரர் வசமானது. அடுத்து வந்த பிரதாப சிங்கின் காலத்தில் மேலும் கிராமங்கள் சேர்ந்தன. 1749 கடைசியில் சாந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் தஞ்சாவூரை முற்றுகையிட்டு நெருக்கியபோது எழுதப்பட்ட உடன்படிக்கையில் கிராமங்களின் எண்ணிக்கை 81 ஆனது. அதே ஆண்டில் ஆங்கிலேயர் தேவிக்கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அரியணை இழந்த சாகுஜிக்காகப் போர் தொடங்கியவர்கள், கோட்டை கைக்கு வந்ததும் அவரைக் கைவிட்டார்கள். வல்லரசுகளின் வாக்குறுதி எவ்வளவு பெறும் என்பதைத் தஞ்சாவூர் அந்த ஓராண்டிலேயே கற்றுக்கொண்டது.

அந்த முற்றுகையில் இன்னொன்றும் எழுதப்பட்டது. பெருந்தொகை ஒன்றைத் தருவதாக மன்னர் சாந்தா சாகிபுக்குக் கொடுத்த கடன்சீட்டு. 56 லட்சம் ரூபாய்க்கான அந்தச் சீட்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறிப் புதுச்சேரியில் கிடந்தது.

1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, ஜூன் தொடக்கத்தில் கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். அடுத்து சென்னை என்று துடித்தவருக்குப் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. பழைய சீட்டை வசூலிக்கலாம் என்று யோசனை வந்தது. அரிசிக்கும் வண்டிக்கும் ஏற்பாடில்லாமல் படை தெற்கே கிளம்பியது. வழியில் நாகூரைப் பிழிந்தார்கள். கீழ்வேளூர்க் கோயிலில் பிராமணர்களை உளவாளிகள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். ஐரோப்பாவில் நடந்த ஏழாண்டுப் போர் காவிரிப் படுகையை வந்தடைந்த விதம் இதுதான். இதைப் பாடநூலில் சேர்க்காமல் விடுவது, செத்தவர்களை இரண்டாம் முறை புறக்கணிப்பது.

பிரதாப சிங் பணிந்துவிடவில்லை. பேரம் பேசினார், சிறு தொகை தர இசைந்தார், நாளைக் கடத்தினார்; அதற்குள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆங்கிலேயரின் உதவிப் படை கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஜூலையில் தொடங்கிய முற்றுகையில் தஞ்சாவூர்க் குதிரைப்படை வெளியே சுற்றி உணவு வரும் வழியை அடைத்தது. லாலியின் படைக்குத் தானியமும் வெடிமருந்தும் வரக்கூடிய ஒரே துறை காரைக்கால். ஆகஸ்ட் 3 அன்று நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் போக்காக்கின் ஆங்கிலக் கப்பற்படை, டாஷேயின் பிரெஞ்சுக் கப்பல்களை அடித்து விரட்டியது. ஆங்கிலக் கப்பல்கள் காரைக்காலை மிரட்டுகின்றன என்ற செய்தி வந்ததும் முற்றுகை முடிந்தது. ஆகஸ்ட் 10 அன்று, கோட்டைக்குள்ளிருந்து பாய்ந்த தஞ்சாவூர்ப் படையோடு மோதிக்கொண்டே லாலி பின்வாங்கினார். பசியோடு காரைக்காலை அடைந்த வீரர்கள் ஆற்று முகத்துக்கு வெளியே ஆங்கிலக் கப்பல்கள் நங்கூரமிட்டிருப்பதைக் கண்டார்கள்.

வந்தவாசியில் 1760இல் ஏற்பட்ட தோல்வியே பிரெஞ்சு ஆதிக்கத்தின் முடிவு என்பார்கள். அங்கே தோற்ற படை பணமும் நம்பிக்கையும் இழந்து நொறுங்கத் தொடங்கியது இந்த ஆற்று முகத்தில்தான். அதில் பாதிப் பங்கு, பணம் கட்ட மறுத்த ஒரு தஞ்சாவூர் மன்னருக்கு உரியது. அந்த நாட்களில் புதுச்சேரி எந்த மனநிலையில் இருந்தது என்பதை அறிய இன்றும் சிறந்த வழி, பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கி 1761 ஜனவரியில் முடியும் அந்தத் தமிழ் நூல், ஆளுநர் மாளிகையில் நடந்த பேச்சையும் சந்தையில் உலவிய வதந்தியையும் ஒரே பக்கத்தில் பதிவு செய்கிறது. தளபதிகளின் அறிக்கையில் வெற்றி தோல்வி மட்டும் இருக்கும். பிள்ளையின் பக்கங்களில் யாரிடம் எவ்வளவு பிடுங்கினார்கள் என்பதும் இருக்கும். காரைக்கால் பள்ளிகளிலாவது இதன் சில பக்கங்களைப் பாடமாக வைக்க வேண்டும்.

1760 ஏப்ரல் 5 அன்று காரைக்கால் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 12இல் பிள்ளை இறந்தார். சில நாளில் புதுச்சேரியும் வீழ்ந்தது. பாரிஸ் உடன்படிக்கைப்படி 1765இல் காரைக்கால் திரும்பக் கிடைத்தது. 1778இல் போய் 1785இல் வந்தது. 1793இல் மீண்டும் போய் 1817இல் வந்தது. ஊர் கைமாறிய ஒருமுறைகூட ஊராரைக் கேட்கவில்லை. கீழூர் வாக்கெடுப்புதான் முதல்முறை. பிரதாப சிங் காலத்துக் கிராமக் கொடையை ஒட்டி அமைந்த எல்லைதான் இன்றும் காரைக்கால் மாவட்டத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் நிற்கிறது.