தூங்க வைப்பது சுலபம், எழுப்புவதுதான் சவால்!

லேப்டாப்பில் செய்தி படிக்கிறீர்கள். கேமரா ஓடவில்லை, ஸ்பீக்கரில் சத்தமில்லை, புளூடூத்தில் எதுவும் இணைக்கவில்லை. அப்புறம் எதுக்கு அவற்றுக்கெல்லாம் மின்சாரம்?

மூடியைச் சாத்தினால் மொத்தக் கணினியும் தூங்குவது நமக்குத் தெரியும். கணினி விழித்திருக்கும்போதே சும்மா இருக்கும் பாகங்களை மட்டும் தூங்க வைப்பதற்குப் பெயர் ‘ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்’. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இதற்கான பொதுக் கட்டமைப்பு, 2009 டிசம்பரில் வெளியான 2.6.32 பதிப்பில் சேர்ந்தது. அதை வடிவமைத்தவர் ரஃபேல் விசோட்ஸ்கி.

எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு சாதனத்துக்கும் கெர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கும். யாராவது பயன்படுத்தத் தொடங்கினால் ஒன்று கூடும். முடித்தால் ஒன்று குறையும். பூஜ்யமானால் தூங்கலாம். எப்போது என்பதை கெர்னல் பார்த்துக்கொள்ளும். எப்படி என்பது அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவருக்குத்தான் தெரியும். யு.எஸ்.பி. ஹப்பில் செருகிய ஒரு சாதனம் விழித்திருக்கும்வரை ஹப்பும் பொதுவாகத் தூங்க முடியாது. எழுப்பும்போது முதலில் ஹப், பிறகு சாதனம். நொடிக்கு நொடி தூங்கி எழுந்தால் அதுவே வீண் செலவு என்பதால், தூங்கும் முன் கொஞ்சம் காத்திருக்கவும் வழி உண்டு.

சரி, சிக்கல் எங்கே?

கணக்கு தவறுவதில்தான். வேலை முடிந்தும் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டால் சாதனம் தூங்கவே தூங்காது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது, பேட்டரி மட்டும் கரையும். தவறுதலாக ஒன்றைக் கூடுதலாகக் குறைத்துவிட்டாலோ, வேலை நடக்கும்போதே சாதனம் தூங்கிவிடலாம். இது உடனே தெரிந்துவிடும், புகாரும் வரும். அதனால் இரண்டாவது பிழைதான் சீக்கிரம் திருத்தப்படும்; முதல் பிழை சத்தமில்லாமல் வருடக்கணக்கில் வாழும்.

கெர்னலே இதற்குப் பணிந்துதான் போகிறது. யு.எஸ்.பி. சாதனங்களில் ஹப்களைத் தவிர பெரும்பாலானவற்றை அது தானாகத் தூங்க வைப்பதில்லை. தூங்கப் போனால் ஒழுங்காக எழாத சாதனங்கள் சந்தையில் ஏராளம் என்பதே காரணம். சரியாக எழக்கூடிய சாதனமும் இந்தப் பொது விதியால் விழித்தே கிடக்கிறது. விரும்பினால் பயனர் இந்த அமைப்பை மாற்றலாம். ஆனால், எத்தனை பேர் மாற்றுவார்கள்?

நம் பார்வை

கெர்னலின் எச்சரிக்கை நியாயமானது. பாதி வேலையில் கீபோர்டு நின்றுபோவதை யார் பொறுப்பார்கள்? ஆனால், அந்த எச்சரிக்கைக்கான மின்சாரத்தை நாம்தான் கொடுக்கிறோம். அரைகுறையாகச் சாதனம் செய்தவர்கள் கொடுப்பதில்லை. தூங்கி எழும் சோதனையில் தேறாத சாதனத்தை முழுமையானதாகச் சொல்லி விற்கக் கூடாது. டிரைவரைச் சரிபார்ப்பவர்களும் ‘வேலை செய்கிறதா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘வேலை இல்லாதபோது தூங்குகிறதா?’ என்றும் கேட்க வேண்டும்.