விஜயந்தா டாங்கியைப் படிக்கும் முறை

இந்தியாவில் தயாரான முதல் போர் டாங்கி விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-ல் ஒப்பந்தம் ஆனது. 1963-ல் முன்மாதிரி தயாரானது. 1965 டிசம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் முதல் வண்டி ராணுவத்துக்குப் போனது. 1983 வரை சுமார் 2,200 வண்டிகள் கட்டப்பட்டன. எடை ஏறத்தாழ 39 டன், 105 மி.மீ. பீரங்கி, லேலண்ட் எல்-60 எஞ்சின், உள்ளே 4 பேர். பணி ஓய்வு பெற்ற டாங்கிகள் ராணுவக் குடியிருப்பு வாயில்களிலும் பூங்காக்களிலும் காட்சிக்கு நிற்பது நாடு முழுவதும் உள்ள வழக்கம். அப்படி நிற்கும் ஒன்றைச் சீரமைக்க எடுப்பவர்கள் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பு அதன் வரலாற்றைத் தேட வேண்டும். சீரமைப்பில் அழிந்துபோகும் தடயங்கள் பிறகு கிடைக்காது.

முதல் வேலை வகையை உறுதிசெய்வது. சக்கரங்களை எண்ணுவது எளிய வழி. ரஷ்ய டி-55 டாங்கிக்குப் பக்கத்துக்கு 5 சக்கரங்கள். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே இடைவெளி அகலமாக இருக்கும். விஜயந்தாவுக்கு 6. பிரிட்டனின் செஞ்சூரியன் டாங்கிக்கும் 6 தான், ஆனால் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். 1965 போரில் பாகிஸ்தானிடம் கைப்பற்றிய அமெரிக்க பேட்டன் டாங்கிக்கும் 6 உண்டு. அதன் மேற்கூண்டு வார்ப்பில் செய்த உருண்டை வடிவம். விஜயந்தாவின் மேற்கூண்டு தகடுகளை வெல்டிங் செய்து ஒட்டியது. பீரங்கிக் குழலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இந்திய ராணுவம் டி-55 டாங்கிகள் பலவற்றின் பழைய 100 மி.மீ. பீரங்கியைக் கழற்றிவிட்டு 105 மி.மீ. பீரங்கி பொருத்தியது.

அடுத்தது, இது எந்த விஜயந்தா என்ற கேள்வி. வெளியே எழுதிய ராணுவப் பதிவு எண் உதவும். ஆனால் ஒவ்வொரு முறை பெயின்ட் அடிக்கும்போதும் அதைப் புதிதாக எழுதுவதால் பிழை நுழைய வாய்ப்புண்டு. இரும்பில் அடித்துப் பதித்த எண்கள் அதைவிட நம்பகமானவை. அடிக்கூடு, மேற்கூண்டு, பீரங்கி, எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் இருக்கும். பெரிய பழுதுபார்ப்பின்போது ஒரு வண்டியின் எஞ்சினும் மேற்கூண்டும் இன்னொரு வண்டிக்கு மாறுவதுண்டு. எனவே நான்கு எண்களும் நான்கு வெவ்வேறு பயணங்களைச் சொல்லக்கூடும். விஜயந்தாவின் அடிக்கூட்டை வைத்தே 130 மி.மீ. கேட்டபல்ட் பீரங்கி வண்டியும், கார்த்திக் பாலம் அமைக்கும் வண்டியும் உருவாயின என்பதையும் மறக்கக் கூடாது.

பெயின்டும் ஓர் ஆவணம்தான். மறைவான ஒரு மூலையில் கை அளவு இடத்தை மெல்லத் தேய்த்தால் அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் தெரியும். பாலைவனப் பழுப்புக்குக் கீழே பச்சை இருந்தால் வண்டி இடம் மாறியிருக்கிறது என்று ஊகிக்கலாம். பிரிட்டிஷ் மரபில் வந்த முக்கோணம், சதுரம், வட்டம் ஆகிய குறிகள் ரெஜிமென்டுக்குள் எந்த ஸ்குவாட்ரன் என்பதைக் காட்டும்.

எண்கள் கிடைத்த பிறகே காகிதம் பயன்படும். வண்டியின் லாக் புத்தகம், பீரங்கியின் பதிவேடு, ரெஜிமென்டின் போர் நாட்குறிப்பு ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படையாக்க வேண்டும் என்ற கொள்கையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் ஏற்றது. ஒரு வண்டியின் அடையாளம் உறுதியானால் என்ன கிடைக்கும் என்பதற்கு ‘ஃபமகுஸ்டா’ சான்று. 1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தானுடன் நடந்த பசந்தர் போரில் பூனா ஹார்ஸ் ரெஜிமென்டின் அருண் கேத்ரபால் உயிர்விட்ட செஞ்சூரியன் அது. அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஜேஎக்ஸ் 202 என்ற எண்ணோடு சீரமைக்கப்பட்டு, மகாராஷ்டிரத்தின் அஹில்யாநகர் (முன்பு அஹமத்நகர்) கவசப் படைப் பயிற்சி மையத்தில் அது நிற்கிறது. எண் தெரியாத செஞ்சூரியன் வெறும் மாதிரி. எண் தெரிந்தது ஒரு போரின் சாட்சி.

சீரமைப்பில் பாதுகாப்பு முதலில். வெடிபொருள் இல்லை, பீரங்கி செயலிழந்துவிட்டது என்று ராணுவம் உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். பிறகு மிச்ச டீசலையும் ஆயிலையும் வடிக்க வேண்டும். டாங்கிக்குப் பெரிய எதிரி உள்ளே தேங்கும் மழைநீர். மேல் மூடிகள் சரியாகப் பொருந்தாவிட்டால் அடிக்கூடு தொட்டியாகி, துரு உள்ளிருந்து வெளியே வரும். அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைப்பெடுத்துத் திறந்துவைப்பது புது பெயின்டைவிட முக்கியம். எண் தகடுகளைப் படமெடுத்து மூடிவைக்காமல் சேண்ட் பிளாஸ்டிங் செய்தால் துருவோடு எழுத்தும் போய்விடும்.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடத்தில் நிறுத்துவதானால் ஆடிக்காற்றின் புழுதியையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சங்கிலிப் பட்டை மண்ணைத் தொடாதபடி சரிவான கான்கிரீட் மேடை தேவை. சக்கரங்களின் ரப்பருக்கு வெயில்படாத கூரை நல்லது. கொண்டுவருவதும் சிறிய வேலையல்ல. 3 மீட்டருக்கு மேல் அகலமுள்ள வண்டி மீட்டர் கேஜ் பாதைக்குப் பொருந்தாது. 1928-ல் திறந்து, இரண்டாம் உலகப் போரில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, பிறகு மீண்டும் போடப்பட்ட, இப்பகுதிக்கு வரும் மதுரை–போடி பாதை 2010 இறுதிவரை மீட்டர் கேஜாகவே இருந்தது. அகலப்பாதை 2022 மே மாதம் தேனிக்கு வந்தது. சாலையில் என்றால் கனரக டிரெய்லர் வேண்டும். வழியிலுள்ள பாலங்களின் தாங்குதிறனை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் செய்த மாற்றங்களை எழுதிவைக்க வேண்டும். எந்தப் பாகம் அசல், எது வேறு வண்டியிலிருந்து வந்தது, எது புதிதாக லேத்தில் கடைந்தது, நிறம் எந்த அடுக்கைப் பார்த்துத் தேர்ந்தது ஆகிய விவரங்கள் பலகையிலும் கோப்பிலும் இருக்க வேண்டும். உறுதியாகாத போர்ப் பெருமையைப் பலகையில் எழுதக் கூடாது. ஆவடியில் எப்போது கட்டப்பட்டது, எங்கே பணியாற்றியது என்ற இரண்டு வரி சரியாக இருந்தால் பார்க்க வருபவருக்கு அது போதும்.