வடித்த ஆயிலைக் கொட்டாதீர்கள்

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வடித்த ஆயிலில் ஏதாவது மினுங்கினால், ஒன்று "பழைய எஞ்சின், அப்படித்தான்" என்கிறார்கள். இல்லை, உடனே எஞ்சினைப் பிரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நடுவில் அரைமணி நேர வேலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் செய்வதில்லை.

பிரான்சில் இருக்கும் தம்பி மகன் யமஹா எக்ஸ்.டி. 500 வைத்திருக்கிறான். 1979 ஜனவரியில் முடிந்த முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் சிரில் நெவூ ஜெயித்தது இந்த ரக வண்டியில்தான். "பெரியப்பா, ஆயில்ல லிமாய் வருது" என்று போன் செய்தான். அரத்தூளுக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தோடு நான் மறந்திருந்த சொல்!

நான் மெக்கானிக் இல்லை, முப்பது வருஷம் ஒரே புல்லட்டை ஓட்டிய குமாஸ்தா. காந்தத்தை வைத்துப் பார் என்றேன். சாம்பல் நிறப் பசைபோல ஒட்டினால் வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துணுக்கு ஒட்டினால் எஃகு: கியரோ, பேரிங்கோ. ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம், பிஸ்டனைச் சந்தேகிக்கலாம். பொன்னிறம் என்றால் பெரும்பாலும் வெண்கலப் புஷ். இந்த வண்டியில் எஞ்சின், கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். எனவே எடுத்தவுடன் கிராங்கைக் குறை சொல்வது அவசரம். ஆயில் தங்குவது சட்டக் குழாய்க்குள். அங்கேயும் வடித்துப் பார்க்க வேண்டும்.

அவனுக்குக் கிடைத்தவை மூன்று துணுக்குகள். மூன்றும் ஒட்டின, ஒன்று பார்த்தாலே கியர் பல்லின் முனை. பட்டறைக்காரர் புது ஆயில் ஊற்றி ஓட்டச் சொன்னாராம். உடைந்த எஃகு உள்ளே சுற்றினால் நல்ல பல்லையும் சேர்த்துக் கடிக்கும், ஓட்டாதே என்றேன். கோடைப் பயணம் போயிற்று என்று அவனுக்கு என்மேல் கோபம். இருக்கட்டும்.